முப்பத்தொண்ணாம் கட்டில்

கையெழுத்து எங்க போடணும்னு தெரியுது சார், கீழ புள்ளி புள்ளியா வெச்சிருக்காங்களே. நான் அதக் கேக்கல. இந்த மூணாவது வரியப் பாருங்க. பன்னிரண்டு படுக்கைகள்னு அடிச்சிருக்கு. அது தப்பு. அங்க இருந்தது பன்னிரண்டு கட்டில்.

ரெண்டும் ஒண்ணுதானேங்கறீங்க. உங்க வீட்டுல ஒண்ணா இருக்கலாம் சார். படுத்தா படுக்கை, எழுந்தா கட்டில், யாரு வந்து கேக்கப் போறா. ஆஸ்பத்திரில அப்படி முடியாது.

இல்ல சார், பேச்சை வளக்கல. அஞ்சு மணிக்குக் கிளம்பணும்னு நீங்க டிரைவர்கிட்ட சொன்னது காதுல விழுந்துச்சு. அதுக்குள்ள முடிச்சிடறேன். நீங்க வெளியூர்லேருந்து விசாரிக்க வந்தவரு, நான் யாருன்னு இந்தக் காகிதத்துல ஊழியர்னு ஒரே வார்த்தையில இருக்கு, அதனால சொல்றேன். நான் டாக்டரும் இல்ல கம்பவுண்டரும் இல்ல. இங்க நாலு கால் உள்ளது எல்லாம் என் பொறுப்பு. ஆடற ஸ்டூலு, மூடாத பீரோ, கைப்பிடி சுத்தாத கட்டில். வெல்டிங் வெக்கணும், பெயிண்ட் அடிக்கணும், மாடிக்கு ஏத்தணும், மறுபடி எறக்கணும். இருபத்திரெண்டு வருஷம். கட்டில் அண்ணன்னு கேட்டா வாசல்ல நிக்கற நாய் கூட வழி காட்டும். என் பேரச் சொல்லிக் கேட்டீங்கன்னா முழிப்பாங்க.

அந்த வித்தியாசம் எனக்கும் வந்தப்போ தெரியாது. சேந்த முதல் வாரம். வாசல்ல ஒரு பெரியவர் மூச்சு வாங்க நிக்கறாரு, படுக்கை காலி இல்லன்னு திருப்பி அனுப்பறாங்க. நான் பாத்தேன், வராந்தாவுல மூணு கட்டில் சும்மா கெடக்கு. காலையிலதான் பெயிண்ட் அடிச்சு வெச்சேன். ஓடிப்போயி, ஐயா மூணு படுக்கை காலியா இருக்குதுன்னு சொல்லிட்டேன். பெரியவரோட மகன் சண்டைக்கு வந்துட்டான். அப்பத்தான் ஒரு நர்ஸம்மா என்னைத் தனியா கூப்பிட்டுக் கேட்டா, நீ புதுசான்னு.

இப்ப தலைமை நர்ஸா இருக்காங்களே, அவங்கதான். இந்தக் காகிதத்துல புள்ளிக்கு மேல கையெழுத்து போட்டிருக்கறதும் அவங்கதான். நான் தங்கச்சின்னுதான் கூப்பிடுவேன். அதனால அவ இவன்னு வாயில வரும், தப்பா எடுத்துக்காதீங்க.

அவ சொன்னா. நீங்க பெயிண்ட் அடிச்சது கட்டில் அண்ணே. அது இரும்பு. அதுமேல மெத்தை போட்டாலும் அது மெத்தை போட்ட இரும்பு. சுவத்துல ஆக்ஸிஜன் குழாய் வேணும், கைக்கு எட்டற தூரத்துல பெல்லு வேணும், அந்தப் பெல் அடிச்சா ஓடி வர ஒருத்தி பேரு வேணும். எல்லாத்துக்கும் மேல, நோட்டுல நம்பர் வேணும். வாங்க காட்டறேன்னு கூட்டிட்டுப் போனா. மதியம் ரெண்டு மணி. ஷிஃப்ட் மாறுது. காலையில பாத்த நர்ஸுங்க ஒரு பக்கம், மதியத்துக்கு வந்தவங்க எதிர்ப் பக்கம். நடுவுல பெரிய நோட்டு. பள்ளிக்கூடத்துல ஆஜர் எடுக்கற மாதிரி படிக்கறாங்க. ஒண்ணு, காய்ச்சல் எறங்கிடுச்சு. ரெண்டு, மூணு மணிக்கு ஊசி. மூணு, ராத்திரி தூங்கல, மகளை வரச் சொல்லியிருக்கு. இப்படியே முப்பது வரைக்கும். படிச்சு முடிச்சு நோட்டை மூடிட்டு என்கிட்ட சொன்னா, இந்த நோட்டுல படிச்சா அது படுக்கை அண்ணே. படிக்கலன்னா உங்க சாமான்.

அன்னிலேருந்து நான் மாத்திச் சொன்னதே கிடையாது. கம்பவுண்டர் ஒருத்தர் இருந்தாரு, வாய் ஓயாது. என்ன கட்டில் அண்ணே, பாட்டுல மஞ்சம்னு வருதே, அது நம்ம ஸ்டோர்ல இருக்கான்னு கேப்பாரு. இருக்கு, உங்க சம்சாரத்த வந்து கையெழுத்து போட்டு வாங்கிக்கச் சொல்லுங்கன்னேன். அதோட விட்டாரு. படுத்துக்கறது எல்லாம் படுக்கை இல்ல சார். ஆபரேஷன் பண்றாங்களே, அது மேசை. தள்ளிட்டுப் போறது ட்ராலி. பிறந்தது படுத்தா தொட்டில். நாலு பேரு தூக்கினா அதுக்குப் பேரு வேற. அந்தந்த சாமானுக்கு அந்தந்த வேலை.

கழிச்சுப் போட்ட கட்டில் ஒண்ண எழுதி வாங்கி, நானே பத்து நாள் ஒட்டு வெச்சு, பச்சை பெயிண்ட் அடிச்சு வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன் ஒரு தடவை. என் வீட்டுக்காரி அதுல ஒரு நாள் கூடப் படுக்கல. ஆஸ்பத்திரிக் கட்டில்ல நல்லா இருக்கறவ எதுக்குப் படுக்கணும், துணி மடிச்சு வெச்சுக்கறேன்னுட்டா. பாயை விரிச்சுத் தரையிலதான். தங்கச்சியோட பொண்ணுதான் அதுல குதிச்சு விளையாடும். ஆமா சார், அந்தக் குழந்தை எங்க வீட்டுலதான் வளந்துச்சு. அவளுக்கு ஷிஃப்டு, புருஷன் சரியில்ல, விட்டுட்டுப் போயிட்டான். எங்களுக்குக் குழந்தை இல்ல. காலையில கொண்டாந்து விடுவா, சாயங்காலம் தூக்கிட்டுப் போவா. பல்லு முளைச்சது, நடந்தது, முதல்ல அத்தைன்னு சொன்னது, எல்லாம் எங்க வீட்டுக் கூடத்துல. பெத்தவளுக்கு நாங்கதான் சேதி சொல்லுவோம். இப்ப காலேஜு போகுது.

சரி, சரி. அந்த நாளுக்கே வரேன்.

வெளிய போர்டுல என்ன எழுதியிருக்குன்னு பாத்தீங்களா? நாப்பத்திரெண்டு படுக்கை. உள்ள இருக்கறது முப்பது. புது ஹால் ஒண்ணு கட்டினாங்க, அதுல பன்னிரண்டு வரும்னு நெனச்சு போர்டை மொதல்ல மாட்டிட்டாங்க. சுவரு வந்துச்சு, பெயிண்ட் வந்துச்சு, மத்தது ஒண்ணும் வரல. மூணு வருஷம் பூட்டியே கெடந்துச்சு. திடீர்னு ஒரு புதன்கிழமை, நாளைக்கு மேலிடத்துலேருந்து படுக்கைய எண்ணிப் பாக்க வராங்கன்னு ஆபீசுல ஒரே பரபரப்பு. சாயங்காலம் தங்கச்சி ஷெட்டுக்கு வந்தா. அண்ணே, பன்னிரண்டு கட்டில் தேத்த முடியுமான்னா.

அவ கட்டில்னுதான் கேட்டா சார். நல்லா ஞாபகம் இருக்கு. அவளுக்கு அந்த வார்த்தை தப்பாது.

தேத்தினேன். துரு புடிச்சது, கால் ஒடிஞ்சது, தலைமாடு இல்லாதது எல்லாம். மெத்தை மூணுதான் இருந்துச்சு. மத்த ஒம்பதுக்கு மருந்து வந்த அட்டைப் பெட்டியப் பிரிச்சு விரிச்சு, மேல வெள்ளைத் துணி போட்டு இழுத்துச் செருகினேன். தூரத்துலேருந்து பாத்தா நட்சத்திர ஓட்டல். முப்பத்தொண்ணுலேருந்து நாப்பத்திரெண்டு வரைக்கும் நம்பர் எழுதி மாட்டினேன். சுவத்துல பெல் சுவிட்சு பன்னிரண்டு ஒட்டினேன். வயரு கிடையாது, பசைதான். எல்லாம் நான்தான் சார். இதுல எதையும் நான் மறைக்கல.

வியாழக்கிழமை காலையில ஆளுக்குத் திண்டாட்டம். கட்டில் காலியா இருந்தா சந்தேகப்படுவாங்கன்னு மேனேஜர் சொல்லிட்டாரு. வாட்ச்மேன், தோட்டக்காரரு, லிஃப்ட் போடற பையன் எல்லாரையும் கொண்டாந்து போர்வை போத்திப் படுக்க வெச்சோம். வாட்ச்மேன் காக்கிச் சட்டையோட, பூட்ஸோட படுத்துட்டாரு. அதுல அவரு நெசமாவே தூங்கிக் குறட்டை வேற. எங்களுக்கு ஒரே சிரிப்பு. உங்ககிட்ட சொல்றதுக்கு வெக்கமாத்தான் இருக்கு, ஆனா சிரிச்சோம்.

கதவுக்குப் பக்கத்துல இருக்கறது முப்பத்தொண்ணு. வர்றவங்க அத மட்டும் கிட்டக்க பாப்பாங்க. அங்க மட்டும் நெசமான நோயாளி வேணும்னு தங்கச்சி சொன்னா. பதினாலை அங்க மாத்திடலாம் அண்ணே, ஒரு மணி நேரந்தான், பதினாலை யாருக்கும் குடுக்க மாட்டேன், நானே திருப்பிக் கொண்டாந்து விடறேன்னா.

நாங்க பேரு சொல்ல மாட்டோம் சார், நம்பர்தான். பதினாலுன்னா பதினாலாவது படுக்கையில இருந்த அந்தம்மா. நுரையீரல்ல தண்ணி. ஆக்ஸிஜன் வெச்சிருந்தாங்க, தேறிட்டு வந்துச்சு. சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்பிடலாம்னு டாக்டர் சொல்லியிருந்தாரு.

ஆமா. தள்ளினது நான்தான். இந்தக் காகிதத்துல நோயாளியை இடம் மாற்றியவர் மேற்படி ஊழியரேன்னு இருக்கு, அது நெசம். அத அடிக்க வேணாம். அதுக்குப் பின்னால தன்னிச்சையாகன்னு ஒண்ணு போட்டிருக்காங்க பாருங்க, அதுதான் முழுப் பூசணிக்கா. முப்பத்தொண்ணாம் கட்டிலையே வார்டுக்குக் கொண்டுபோயி அந்தம்மாவ அதுல ஏத்தினோம். தங்கச்சி ஒரு பக்கம் சின்ன சிலிண்டரைப் புடிச்சுட்டு வரா, நான் தலைமாட்டுல தள்றேன். சக்கரம் கிறீச் கிறீச்சுன்னு கத்துது. ஊர்ல இருக்கற கட்டிலுக்கெல்லாம் எண்ணெய் போடறீங்க, எனக்கு மட்டும் இதுதானான்னு அந்தம்மா கேட்டாங்க. எவ்வளவு நேரம்னாங்க. ஒரு மணி நேரம்னு சொன்னேன். தங்கச்சி சொன்னத நான் சொன்னேன்.

மணி பன்னிரண்டு இருக்கும். சிலிண்டர் ஒண்ணரை மணி நேரத்துக்கு வரும்.

அதுக்கப்பறம் நான் அங்க இல்ல சார். கீழ மீட்டிங் ஹால்ல நாற்காலி போடணும். எண்ண வந்தவங்களுக்குக் கை வெச்ச நாற்காலி, நம்ம டாக்டருங்களுக்குக் கை இல்லாதது, மேனேஜருக்கு மட்டும் சுத்தற நாற்காலி. அவரு சுத்தறதப் பாத்து வந்தவரு முகம் சுளிக்கறாரு, உடனே அத எடு, வேற போடு. மாடிக்கும் கீழுக்குமா பதினேழு நாற்காலி தூக்கினேன். தங்கச்சி வந்து, மீட்டிங் முடியற வரைக்கும் இங்கயே நில்லுங்க அண்ணே, நடுவுல எதாவது பத்தலன்னா அசிங்கம்னு சொல்லிட்டுப் போனா. மேல பாத்துட்டியான்னு கேட்டேன். நான் பாத்துக்கறேன்னா.

ஒரு மணிக்கு அவங்க மேல போயி எண்ணினாங்க. கதவுகிட்ட நின்னு எண்ணினாங்களாம். நாப்பத்திரெண்டுன்னு எழுதிக்கிட்டாங்க. கீழ வந்து சாப்பிட்டாங்க. வாட்ச்மேன், தோட்டக்காரரு எல்லாம் எழுந்து அவங்கவங்க வேலைக்குப் போயிட்டாங்க. கட்டில் பதினொண்ணு காலி. பதினாலாவது படுக்கையில யாரோ ஒருத்தர அவசரமா சேத்துட்டாங்க. காலியான படுக்கை இங்க அஞ்சு நிமிஷம் தாங்காது சார், பஸ்ஸுல சன்னலோர சீட்டு மாதிரி. குடுத்தது யாருன்னு கேக்கறீங்களா? படுக்கையக் குடுக்கற அதிகாரம் இங்க ஒருத்திக்குத்தான் இருக்கு.

ரெண்டு மணிக்கு நோட்டு படிச்சாங்க. ஒண்ணுலேருந்து முப்பது வரைக்கும். பதினாலு வந்தப்போ புது ஆளோட பேரு. முப்பதோட நோட்டு முடிஞ்சு போச்சு.

மறந்துட்டான்னா நான் மன்னிச்சிருப்பேன் சார். சத்தியமா. அன்னிக்கு இருந்த அலைச்சல்ல யாரும் மறப்பாங்க. ஆனா படிச்சு முடிச்சதும் ஒரு பொண்ணு கேட்டிருக்கு. யாருன்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன், படிக்க வந்த பொண்ணு. சிஸ்டர், புது ஹால்ல முப்பத்தொண்ணுல ஒரு அம்மா இருக்காங்களே, அது யாரு பாக்கணும்னு கேட்டிருக்கு. கீழ மீட்டிங் நடக்குது, அந்த நேரத்துல கட்டிலத் தள்ளிட்டு வராந்தாவுல வந்தா குட்டு உடைஞ்சு போகும். அதனால தங்கச்சி என்ன சொல்லியிருக்கா தெரியுமா? அது படுக்கை இல்லம்மா, கட்டில். நம்ம நோட்டுல வராது. கட்டில் அண்ணன் பாத்துக்குவாரு.

நான் பாத்துக்குவேனாம். பதினேழு நாற்காலிக்கு நடுவுல நின்னுக்கிட்டு.

அந்தப் பொண்ணு தண்ணித் தொட்டி பின்னால நின்னு அழுதுட்டே என்கிட்ட சொல்லிச்சு. அப்ப எல்லாம் முடிஞ்சு மூணாவது நாளு. உங்க ஆபீசுக்கு வந்த மொட்டைக் கடுதாசி அது எழுதினதா, வேற யாரு எழுதினதான்னு எனக்குத் தெரியாது. நான் எழுதல. நான் எழுதினா பேரு போட்டு எழுதுவேன்.

மூணே முக்காலுக்குத்தான் என்னை விட்டாங்க. நாற்காலிய அப்படியே போட்டுட்டு மேல ஓடினேன். ஹாலு கதவு சாத்தியிருந்துச்சு. சிலிண்டர் முள்ளு சைபர்ல. கை சுவத்தப் பாத்து நீட்டியிருந்துச்சு. சுவிட்சு அமுங்கினபடியே இருந்துச்சு சார். எத்தனை தடவை அமுக்கினாங்களோ. பசை விட்டு ஒரு பக்கம் தூக்கியிருந்துச்சு.

வேணாம் சார், தண்ணி வேணாம். சொல்லிடறேன்.

இப்பப் படிங்க அந்தக் காகிதத்த. பன்னிரண்டு படுக்கைகளும் சகல வசதிகளுடன் தயார் என மேற்படி ஊழியர் தெரிவித்ததன் பேரில். இருபத்திரெண்டு வருஷத்துல நான் இப்படி ஒரு வாக்கியம் பேசியிருப்பேனா? சகலன்னா எனக்குத் தெரிஞ்சது மச்சினிச்சி புருஷன்தான் சார். அதுக்குக் கீழ அவ கையெழுத்து. ரெண்டு மணிக்குக் கட்டில்னு தெரிஞ்சிருக்கு. மறுநாள் டைப் அடிக்கறப்போ அது படுக்கையாயிடுச்சு. பழி ஓரிடம் பாவம் ஓரிடம்பாங்க. இங்க ரெண்டையும் ஒரே ஆள் தலையில கட்டி வெச்சுட்டாங்க.

மெரட்டலெல்லாம் இல்ல. மேனேஜர் நல்லபடியாத்தான் பேசினாரு, போட்டுட்டா உன்னைக் கஷ்டப்படுத்தாம வேலையிலேருந்து அனுப்பிடறோம்னாரு. போடலன்னா போலீசுன்னாரு. அத நான் மெரட்டலா எடுத்துக்கல. ஆனா நேத்து தங்கச்சி வீட்டுக்கு வந்தா. செருப்பக் கழட்டிட்டு உள்ள வந்து, எப்பவும் உக்கார்ற எடத்துல உக்காந்தா. அப்பறம் சொன்னா, எனக்குப் பொண்ணு இருக்கு அண்ணே, அதுக்குப் படிப்பு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு, என் வேலை போனா தெருவுலதான் நிக்கணும். உங்களுக்குன்னு இனிமே என்ன இருக்கு, நீங்க போட்டுடுங்கன்னா.

அவ சொன்னதுல ஒரு வார்த்தை கூடப் பொய் இல்ல. அதுதான் என்னால தாங்க முடியல. போறப்போ பச்சைக் கட்டில்மேல இருந்த மடிச்ச துணியெல்லாம் பாத்தா. அதத் தொட்டா. நான், தொடாதேன்னேன். இத்தனை வருஷத்துல அவகிட்ட நான் அதட்டிப் பேசினது அந்த ஒரு வார்த்தைதான்.

என்ன செய்யப் போறேன்னா கேக்கறீங்க? கையெழுத்து போடத்தான் சார் வந்திருக்கேன். படுக்கைய அடிச்சுட்டு கட்டில்னு என் கையால எழுதுவேன். தன்னிச்சையாகங்கறத அடிச்சுட்டு, தலைமை நர்ஸ் சொல்லின்னு எழுதுவேன். சகல வசதிய அடிச்சுட்டு, மெத்தை மூணு, அட்டை ஒம்பது, வயர் இல்லாத சுவிட்சு பன்னிரண்டுன்னு எழுதுவேன். தள்ளினது நான், ஒட்டினது நான், அது அப்படியே இருக்கட்டும். அதுக்கு என்ன உண்டோ அத நான் பட்டுக்கறேன். அது கட்டில்னு எழுதிட்டா போர்டு போகும், மேனேஜர் போவாரு, அவளும் போவா. தெரியும். அவ பொண்ணு முகத்த இனிமே நான் பாக்க முடியாது. அதுவும் தெரியும்.

சொந்தக்காரங்க ஒருத்தர் கூடப் புகார் குடுக்கலையேன்னு அப்பவே கேட்டீங்க, நான் வேற பேச்சுல போயிட்டேன். யாரு சார் குடுப்பா. சேக்கறப்ப ஊழியர் குடும்பம்னு போட்டா தனி வரிசை, அதுல எடம் வர நாளாகும், தகப்பன் பேரப் போட்டுப் பொது வரிசையில சேத்துடுங்கன்னு தங்கச்சிதான் வழி சொன்னா. அதான் அந்தம்மா பேருக்குப் பக்கத்துல ஒரு பெரியவர் பேரு இருக்கு பாருங்க, அவரு எனக்கு மாமனாரு. அவரு போயி ஒம்பது வருஷம் ஆச்சு. அவருக்கு ஒரே பொண்ணு. இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால எனக்குத்தான் கட்டிக் குடுத்தாரு.

நீங்க உக்காருங்க சார், எழுந்திரிக்க வேணாம். ஃபேன மட்டும் நிறுத்திக்கறேன், காகிதம் பறக்குது. ம். இப்ப அந்தப் பேனாவ இப்படிக் குடுங்க.